உங்களுக்குத் தெரியுமா? வெள்ளம் தங்கும் நிலங்கள்

ஒரு கிரவுண்டுக் கணக்கு

ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லாரி, அதுவும் ஒரே மனையில். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது அபூர்வமும் இல்லை. மனை வெறும் மண்ணாக இருந்தால் கொஞ்சம் உள்ளே இறங்கும், கொஞ்சம் அங்கேயே நிற்கும். சிமென்ட் பூசியிருந்தால் அத்தனையும் தெருவுக்கு வந்துவிடும். தெருவிலிருந்து எங்கே போகும்? வெள்ளத்தைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால்தான்.

மூன்றடி மண் கொட்டினால்

தாழ்ந்த இடத்தில் மனை வாங்கியவர் முதலில் செய்கிற காரியம், லாரி லாரியாக மண் அடித்து மேடாக்குவது. சதுப்பில் ஒரு கிரவுண்டை மூன்றடி உயர்த்தினால், இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் இல்லாமல் போகிறது. அதே லாரிக் கணக்கில் 17 லாரி. அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவில் முன்பே வீடு கட்டியவரின் வாசலுக்குப் போகிறது. அவர் அடுத்த ஆண்டு வாசற்படிக்கு மேலே செங்கல் வைத்துக் கட்டுகிறார். தெருவுக்குப் புதிதாகச் சாலை போடும்போது இன்னும் அரையடி ஏறுகிறது. இப்படித்தான் சாலையிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகிற தெருக்கள் உருவாகின்றன. மனை வாங்கியவரை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் நிற்கும் இடத்தை மனையாகப் பிரிக்க அனுமதித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கரணை பிடித்து வைப்பது

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கித்தான் வருகிறது. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், அது நிறைந்தால் கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் சதுப்பு. இப்படிப் பல ஏரித் தொடர்கள் வந்து சேருகின்றன. வெளியேற இருக்கும் முக்கிய வழி ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல்.

வருவது பல வழி, போவது ஒரு வழி. நடுவில் கிடக்கும் சதுப்பு தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் நடந்தது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு இது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, துரைப்பாக்கம் ரேடியல் சாலை, பறக்கும் ரயில், கல்வி நிறுவனங்கள், ஐ.டி. வளாகங்கள் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. 2022ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் ஏறிய பரப்பு 1,247.54 ஹெக்டேர்.

மிச்சமிருப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்தப் பரப்பின்மேல் ஒரே ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 380 கோடி லிட்டர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, ஷிப்டுக்கு ஆள் இல்லை. கோரையும் நாணலும் நிற்கிற இடம் சும்மா கிடந்தே இதைச் செய்கிறது.

மேம்பாலத்தில் கார்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபின் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் பல நாள் வடியவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கார் வைத்திருந்தவருக்காவது ஒரு மேம்பாலம் இருந்தது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவர், மேசைமேல் ஏற்றிய ஃப்ரிட்ஜையும் கேஸ் சிலிண்டரையும் பார்த்துக்கொண்டு மாடி வீட்டுக்காரர் தயவில் இரவைக் கழித்தார்.

கரையிலிருந்து சதுப்புக்கு

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையில் குடிசைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்டன. அவர்களில் பெரும்பாலோருக்கு வீடு ஒதுக்கிய இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பின் தென்பகுதியை ஒட்டியிருக்கும் ஊர். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி இன்னொரு வெள்ள நிலத்தில் குடியேற்றியதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நீர்நிலையைக் காப்பது என்றாலே ஏழையின் வீட்டை இடிப்பது என்று ஆகிவிட்டால், அந்தக் காரியத்துக்கு ஊரில் ஒருவரும் துணை நிற்க மாட்டார்கள்.

பாஸ்டனைக் காக்க வாங்கிய சதுப்பு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தின் வழியாக ஓடுகிறது சார்ல்ஸ் ஆறு. 1955 ஆகஸ்டில் டயேன் புயல் கொண்டுவந்த வெள்ளமும், 1968ல் மறுபடி வந்த வெள்ளமும் நகரத்தை உலுக்கின. அணை, கரை என்று கட்டுவதையே தொழிலாகக் கொண்ட அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படையிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் ஆற்றை அளந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கீழே, நகரத்துக்குள் விழுந்த மழை சில மணி நேரத்தில் ஆற்றை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. மேலே, கிராமப் பகுதியில் விழுந்த அதே மழை நகரத்துக்கு வந்துசேரச் சில நாள் ஆகிறது. நடுவில் இருந்த சதுப்புகளும் தாழ்நிலங்களும் பிடித்து வைத்திருந்தன. இரண்டு வெள்ளமும் ஒன்றாக வந்து மோதாமல் போனதற்கு அதுதான் காரணம்.

புதிய அணையும் கரைகளும் கட்ட மதிப்பிட்ட செலவு சுமார் 10 கோடி டாலர். பொறியாளர் படை 1972ல் வேறு யோசனை சொன்னது: அந்தச் சதுப்புகளை அப்படியே விட்டுவைப்போம், அதற்கு விலை கொடுப்போம். 1974ல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. 1977 முதல் 1983க்குள் 17 இடங்களில் 8,103 ஏக்கர் பாதுகாக்கப்பட்டது. ஆன செலவு ஒரு கோடி டாலருக்கும் குறைவு.

இதில் நம் ஊருக்கு உதவக்கூடிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 8,103 ஏக்கரில் முழுதாக விலைக்கு வாங்கியது சுமார் 3,200 ஏக்கர்தான். மீதி நிலம் உரியவர் பேரிலேயே இருக்கிறது. அவர் புல் அறுக்கலாம், மாடு மேய்க்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். மண் கொட்டி உயர்த்தக் கூடாது, கட்டக் கூடாது, வெள்ளம் வந்தால் மறிக்கக் கூடாது. அந்த உரிமையை மட்டும் அரசு காசு கொடுத்து வாங்கிப் பத்திரத்தில் ஏற்றிக்கொண்டது. நிலத்துக்காரர் வயிற்றில் அடிக்காமலும் சதுப்பைக் காக்க முடியும்.

கட்டிடம் நிறைந்துவிட்ட கீழ்ப்பகுதிக்கு இந்த வைத்தியம் எடுபடவில்லை. அங்கே முகத்துவாரத்தில் புதிய அணையும் ராட்சதப் பம்புகளும் தேவைப்பட்டன. 1978ல் அது முடிந்தது. இடம் காலியாக இருக்கும்போது செய்வதற்கும், நிறைந்தபின் செய்வதற்கும் உள்ள செலவு வித்தியாசம் ஒரே ஆற்றில் இருக்கிறது.

ஒரே புயல், இரண்டு ஊர்

2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைப் புரட்டிப்போட்டது. ஆட்டர் கிரீக் என்ற ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ரட்லண்ட் வெள்ளத்தில் தத்தளித்தது. அதே ஆற்றின் கீழே, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிடில்பரியில் ஆற்றின் உச்ச ஓட்டம் ரட்லண்டில் இருந்ததில் பாதிகூட இல்லை. கீழே போகப் போக ஆறு பெருக வேண்டும், இங்கே குறைந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் சதுப்பும் வெள்ளச் சமவெளியும் இருந்தன. வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் போட்ட கணக்கு: அந்த ஒரு புயலில் மட்டும் மிடில்பரிக்கு மிச்சமான சேதம் சுமார் 18 லட்சம் டாலர்.

சாண்டி புயல், 2012

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரச் சதுப்புகள் தடுத்த சேதம் 62 கோடியே 50 லட்சம் டாலர். 2017ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு இது.

படகில் போய்ப் பதவியேற்ற ஆளுநர்

1862 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஆளுநராகப் பதவியேற்ற லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட், சேக்ரமென்டோ நகரத்தில் தன் வீட்டிலிருந்து துடுப்புப் படகில்தான் விழாவுக்குப் போனார். தெருவெல்லாம் ஆறு. கரையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தும் வெள்ளம் நிற்காததால், அந்த ஊர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு வழிக்கு வந்தது. ஆற்றுக்கு மேற்கே, பழைய வெள்ளச் சமவெளியில் சுமார் 59,000 ஏக்கரை வெள்ளம் போவதற்கென்றே ஒதுக்கினார்கள். யோலோ பைபாஸ் என்று பெயர். நகரத்தை ஒட்டி ஓடும் ஆறு விநாடிக்குச் சுமார் 1,10,000 கன அடி தாங்கும். யோலோ 5 லட்சம் கன அடி வரை தாங்கும்.

வெள்ளம் இல்லாத கோடையில் அங்கே நெல் விளைகிறது. குளிர்காலத்தில் தண்ணீர் பரவும்போது சால்மன் குஞ்சுகள் உள்ளே வந்து மேய்கின்றன. ஆற்றிலேயே வளரும் குஞ்சுகளைவிட வேகமாகப் பருக்கின்றன என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் இருக்கும் யோலோ

கொள்ளிடம். முக்கொம்பில் காவிரி பிரியும்போது பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போகும், மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கும். கல்லணையிலும் அதே கதை. காவிரி கிழக்கே போகப் போக வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று பிரிந்து குறுகிவிடுகிறது. கடைசியில் வாய்க்கால் அளவுதான். கொள்ளிடமோ அகலம் குறையாமல் கடல் வரை போகிறது. தஞ்சைச் சமவெளி பிழைத்துக் கிடப்பது அந்த அகலத்தால். "இத்தனை பெரிய மணல்வெளி சும்மா கிடக்கிறதே" என்று பார்ப்பவருக்குத் தோன்றும். மேட்டூர் நிறைந்து உபரி நீர் லட்சம் கன அடிக்கு மேல் திறக்கும் நாளில் அந்த வெளியில் ஓரம் தெரியாது.

கரைக்கு உள்ளே படுகையிலும் திட்டிலும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் கிராமங்களுக்கு ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் படகு போகிறது. பாத்திரம் பண்டம், ஆடு மாடு, பள்ளிப் புத்தகத்துடன் கரையேறி முகாமில் தங்கி, வடிந்தபின் திரும்புகிறார்கள். கொள்ளிடம் மற்ற ஊர்களைக் காக்கும்போது இந்த ஊர்கள் அதற்குக் கொடுக்கும் விலையைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கரை நீண்டது, வெள்ளம் குறைந்ததா?

1954ல் பிகாரில் ஆற்றங்கரை அணைகளின் மொத்த நீளம் சுமார் 160 கிலோமீட்டர். வெள்ளம் பாதிக்கக்கூடிய நிலமாகக் கணக்கிடப்பட்டது 25 லட்சம் ஹெக்டேர். அரை நூற்றாண்டில் கரைகள் 3,400 கிலோமீட்டரைத் தாண்டின. வெள்ளம் பாதிக்கக்கூடிய நிலமும் 68 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. கரை கட்டினால் ஆறு கொண்டுவரும் வண்டல் வயலுக்குப் போகாமல் ஆற்றுக்குள்ளேயே படிகிறது, ஆற்றின் மட்டம் ஏறுகிறது. கரைக்கு வெளியே பெய்த மழை ஆற்றுக்குள் வர முடியாமல் தேங்குகிறது. 2008 ஆகஸ்ட் 18ல் நேபாளத்தின் குசகாவில் கோசி ஆற்றுக் கரை உடைந்தபோது, பல தலைமுறையாக ஆறு வராத ஊர்களுக்குள் ஆறு வந்தது.

பின்னால் தள்ளிய கரை

நெதர்லாந்துக்காரர்களைவிடக் கரை கட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை. 1995ல் ரைன், மாஸ் ஆறுகள் பெருகியபோது சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன்பின் அவர்கள் கரையை உயர்த்துவதோடு நிறுத்தாமல் ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 30க்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 230 கோடி யூரோ. நைமேகன் நகரத்துக்கு எதிரே வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளிப் புதிதாக ஒரு கிளை ஆறு வெட்டினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் போயின, எதிர்ப்பும் இருந்தது. வெள்ளக் காலத்தில் ஆற்று மட்டம் 35 சென்டிமீட்டர் குறையும் என்பது திட்டத்தின் கணக்கு. வெறும் ஒரு முழத்துக்கும் குறைவு என்று தோன்றலாம். கரைக்கு மேல் வழிவதற்கும் கரைக்குள் அடங்குவதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்த அளவுதான்.

மடையில் ஒரு பலகை

ஜப்பானின் நிகாட்டா மாகாணத்தில் ஒரு கிராமத்து உழவர்கள் 2002ல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வயலிலிருந்து தண்ணீர் வடியும் மடையில், சிறிய துளை போட்ட பலகை ஒன்றைச் செருகினார்கள். சாதாரண மழைக்கு அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் எப்போதும்போல வடியும். கொட்டும் மழையில் மட்டும் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். வரப்புக்குள் தண்ணீர் சில மணி நேரம் கூடுதலாக நிற்கும், நெல்லுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஒரு ஹெக்டேர் வயலில் 10 சென்டிமீட்டர் தேங்கினால் பத்து லட்சம் லிட்டர். வயல் அணை என்ற பெயரில் இது ஜப்பானின் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது.

இந்தப் பலகையால் பலகை வைத்தவருக்குப் பெரிய லாபம் இல்லை. காப்பாற்றப்படுவது கீழே இருக்கிற ஊர். கீழூர்க்காரர்கள் வந்து கேட்டார்கள், மேலூர்க்காரர்கள் செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

யனாக்கா கொடுத்த விலை

2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் ஜப்பானைத் தாக்கியபோது, டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் வதராசே என்ற நாணல் சதுப்பு சுமார் 16 கோடி கன மீட்டர் வெள்ளத்தைப் பிடித்து வைத்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 5.6 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். 33 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சதுப்பு 2012ல் ராம்சர் தலமானது.

அதற்குள் ஒரு கிராமம் இருந்தது. மேலே அஷியோ செப்புச் சுரங்கத்தின் நச்சு ஆற்றில் கலந்து வயல்களைக் கெடுத்தது. சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும்படி போராடியவர் தனாக்கா ஷோசோ. 1901ல் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, பேரரசரின் வண்டியை மறித்து நேரில் மனு கொடுக்கப் பார்த்தார். அரசு கண்ட தீர்வு, நச்சு வெள்ளத்தைத் தேக்க யனாக்கா கிராமத்தையே காலி செய்வது. 1907ல் கடைசிவரை நின்ற வீடுகளை இடித்தார்கள். ஷோசோ அந்த ஊர் மக்களோடு அங்கேயே குடியிருந்தவர். பிற்காலத்தில் அங்கே நீர்த்தேக்கம் வெட்டியபோது, ஊர் இருந்த இடத்தையும் கல்லறைகளையும் தொடக்கூடாது என்று யனாக்கா வழியினர் மறித்தார்கள். அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வளைத்து வெட்டியதால், மேலிருந்து பார்த்தால் ஏரி இதய வடிவில் இருக்கிறது. டோக்கியோ சமவெளிக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பின் அடியில் அந்த ஊர் இருக்கிறது.

ஈரநில நகரம் கொழும்பு

2018ல் ராம்சர் ஒப்பந்தம் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று 18 நகரங்களை அங்கீகரித்தது. அதில் கொழும்பும் ஒன்று. 2010 நவம்பர் மழையில் தியவன்னா ஏரி நடுவே இருக்கும் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதன்பிறகுதான் நகரத்துச் சதுப்புகளை அளக்கும் வேலை சூடுபிடித்தது. மீன்பிடிப் பூனை வாழும் தலைநகரங்கள் உலகில் அதிகம் இல்லை. கொழும்பின் சதுப்புகளில் அது இன்னும் இருக்கிறது.

மித்தி

2005 ஜூலை 26ல் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கரையோர அலையாத்திக் காடும் சதுப்பும் தூர்க்கப்பட்டு, ஒடுங்கிப்போயிருந்த மித்தி ஆற்றால் அதை வாங்க முடியவில்லை.

எல்லாச் சதுப்பும் ஒன்றல்ல

2003ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வெள்ளச் சமவெளிச் சதுப்புகளைப் பற்றிய 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 23ல் வெள்ளம் குறைந்தது அல்லது தாமதமானது. ஆனால் மலைமேல், ஆறு பிறக்கும் இடத்தில் எப்போதும் ஊறிக்கிடக்கும் சதுப்புகள் சிலவற்றில் வெள்ளம் கூடியும் இருக்கிறது. ஏற்கெனவே நிறைந்த பாத்திரத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும். நம் ஏரிகளும் அப்படியே: வடகிழக்குப் பருவமழையின் முதல் சுற்றைத் தாங்கும் ஏரி, நிறைந்தபின் வரும் மூன்றாவது புயலைத் தாங்காது. அதனால் கலங்கலும் போக்குக் கால்வாயும் ஏரிக்கு இணையாக முக்கியம். ஏரியைத் தூர்வாரிவிட்டுக் கலங்கலுக்குக் கீழே வீடு கட்ட விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

சட்டத்தில் ஓர் ஓட்டை

தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள் உள்ளன, இந்திய மாநிலங்களில் அதிகம். வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர் போன்றவை பறவைகளுக்குப் பேர்போன பாசன ஏரிகள். ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலேயே சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இருக்கும் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படி வெட்டப்பட்டவைதான். வேறு சட்டங்கள் இருக்கின்றன. 2007ல் வந்த ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் நம்முடையது. இருந்தாலும் வெள்ளத்தைத் தாங்கும் மிகப் பெரிய அமைப்பையே வரையறைக்கு வெளியே வைத்தது சரியில்லை, திருத்தப்பட வேண்டும்.

மனை வாங்கும் முன்

தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடு விவரம் பார்க்கலாம். அந்தப் புல எண் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அங்கேயே வழி இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கித் தள்ளினால், அந்த இடம் 20 ஆண்டுகளுக்கு முன் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரியும். பத்திரம் சுத்தமாக இருப்பதும் தண்ணீர் வராமல் இருப்பதும் வேறு வேறு. முதலாவதை வக்கீல் பார்த்துச் சொல்வார். இரண்டாவதை அந்தத் தெருவில் பத்து ஆண்டாக இருக்கிற இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்: 2015ல் எத்தனாவது படி வரை வந்தது, 2023ல் வடிய எத்தனை நாள் ஆனது, கால்வாய் எந்தப் பக்கம் போகிறது. முடிந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் நல்ல மழை நாளில் ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள்.